எஸ்.எஸ்.டி.யை அடுக்கி வைக்க வேண்டுமா?

விண்டோஸ் 95 காலத்துக் கணினியில் டிஃப்ராக் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்ணச் சதுரங்கள் மறந்திருக்காது. சிதறிக் கிடக்கும் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறி வரிசைக்கு வரும். இரவு படுக்கப் போகும்போது பொத்தானை அழுத்திவிட்டால், நல்லபடி போனால் காலையில் முடிந்திருக்கும். கணினி வேகமாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது.

பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. சிம் லிம் ஸ்கொயரில் பழைய மடிக்கணினியின் வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டுக்கொண்டு, ரோச்சோர் கால்வாயைத் தாண்டி லிட்டில் இந்தியா பக்கம் நடப்பவர்களில் பலருக்கு வீடு போய்ச் சேருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: மாதம் ஒருமுறை இதற்கும் டிஃப்ராக் ஓட்ட வேண்டுமா?

அவசரக்காரர்களுக்கு விடை: வேண்டாம். விண்டோஸ் தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்கிறது. அதை நிறுத்தவும் வேண்டாம், அதற்கு மேல் ஓட்டவும் வேண்டாம், அதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு மீதி அத்தியாயம்.

தட்டு சுற்றிய காலம்

இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் சிங்கப்பூருக்குச் சொந்தம். 1982இல் அமெரிக்காவின் சீகேட் நிறுவனம் இங்கே வன்தட்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னே மேக்ஸ்டர், கானர், வெஸ்டர்ன் டிஜிட்டல், மைக்ரோபோலிஸ் என்று வரிசையாக வந்தார்கள். 1980களின் பிற்பாதியிலிருந்து பல ஆண்டுகள், உலகிலேயே மிக அதிகமாக வன்தட்டு தயாரித்த நாடு இந்தச் சின்னத் தீவுதான். அன்றைக்கு டிஃப்ராக் ஓடிய கணினிகளில் ஏராளமானவற்றின் வயிற்றுக்குள் இருந்தது சிங்கப்பூரில் செய்த தட்டு.

அந்தத் தட்டு ஓர் இயந்திரம். பளபளக்கும் வட்டத்தகடு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். அதன் மேல் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் ஒரு கை அங்குமிங்கும் அலையும். மேசைக் கணினி வன்தட்டில் அந்தக் கை சரியான தடத்துக்குப் போக ஏறத்தாழ 9 மில்லிவிநாடி. தேவையான இடம் சுழன்று கைக்கு அடியில் வரச் சராசரியாக இன்னும் 4 மில்லிவிநாடி. ஆக ஒரு தாவலுக்கு 13 மில்லிவிநாடி.

முஸ்தபா சென்டருக்குச் சாமான் பட்டியலோடு போகிறவரை நினைத்துக்கொள்ளலாம். பட்டியலில் உள்ளதெல்லாம் ஒரே அலமாரியில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மாடிக்கு ஒன்றாக இருந்தால் மின்படியில் ஏறி இறங்கியே பொழுது போய்விடும். கோப்பு துண்டு துண்டாகச் சிதறினால் வன்தட்டின் கைக்கு நேர்வது இதுதான். ஒரு கோப்பு 1,000 துண்டுகளாகச் சிதறியிருந்தால், படிப்பது ஒருபக்கம் இருக்க, அலைவதற்கே 13 விநாடி. டிஃப்ராக் அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. கையின் அலைச்சல் குறைந்தது. அந்தக் காலத்து ஆலோசனையில் தவறே இல்லை.

எஸ்.எஸ்.டி.யில் கையும் இல்லை, தட்டும் இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவினரும் 1987இல் உலகுக்கு அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் சில்லுகள்தான் அதன் உடம்பு. எந்த இடத்திலிருந்து படித்தாலும் ஏறத்தாழ ஒரே நேரம்: 0.1 மில்லிவிநாடி, அல்லது அதற்கும் குறைவு. முன்பு சொன்ன அதே 1,000 துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி எடுத்தாலும் 0.1 விநாடிதான் ஆகும். அலைச்சலே இல்லாத இடத்தில் அலைச்சலைக் குறைத்து என்ன மிச்சம்?

இந்த மாற்றமும் சிங்கப்பூரைத் தொட்டுக்கொண்டுதான் நடந்தது. 2000ஆம் ஆண்டில் உள்ளூர் நிறுவனமான டிரெக் 2000 தன் தம்ப்டிரைவை ஜெர்மனியின் செபிட் கண்காட்சியில் காட்டியது. சட்டைப்பைக்குள் ஃபிளாஷ் நினைவகம் வந்து சேர்ந்தது. 2009இல் அங் மோ கியோ வன்தட்டு ஆலையை மூடப்போவதாகச் சீகேட் அறிவித்தது. 2011இல் இன்டெலும் மைக்ரானும் கூட்டாக இங்கே நாண்ட் ஆலையைத் திறந்தன. மறு ஆண்டே இன்டெலின் பங்கை மைக்ரான் வாங்கிக்கொண்டது.

டோக்கன் எண்ணும் செருப்பும்

வேகம் கூடாது என்பது பாதிக் காரணம்தான். எஸ்.எஸ்.டி.யில் டிஃப்ராக் காட்டும் வரிசை உண்மையான வரிசையே இல்லை என்பது மீதிப் பாதி.

கோவில் வாசலில் செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் கொடுப்பார்கள். 12ஆம் எண் டோக்கனைக் கொண்டுவந்தால் 12ஆம் எண் செருப்பு கிடைக்கும். கூட்டம் நெரியும்போது காப்பாளர் அதை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்கலாம். டோக்கன்காரருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு அந்தக் காப்பாளர். விண்டோஸ் கையில் இருப்பவை டோக்கன்கள் மட்டுமே. எந்த எண்ணின் தரவு எந்தச் சில்லின் எந்த மூலையில் கிடக்கிறது என்பது காப்பாளரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

தரவை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பி வைக்கக் காப்பாளருக்குக் காரணங்கள் உண்டு. பல சில்லுகளிலிருந்து ஒரே நேரத்தில் படித்தால் வேகம் கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் எழுத்து எல்லா இடங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. டிஃப்ராக் ஓட்டுகிறவர் டோக்கன்களை 1, 2, 3 என்று அடுக்கித் திருப்திப்படுகிறார். செருப்புகளோ இன்னொரு முறை இடம் மாற்றப்பட்டு, முன்போலவே பரவிக் கிடக்கின்றன.

இலையை மடித்தால்தான் மேசை காலி

எஸ்.எஸ்.டி.க்கு உண்மையில் தேவைப்படும் பராமரிப்பு வேறு. அதைப் புரிந்துகொள்ள ரேஸ் கோர்ஸ் சாலையின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகலாம்.

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் அளவு சிறியது: 4 முதல் 16 கிலோபைட் கொண்ட ஒரு பக்கம். அழிக்கும் அளவோ பெரியது: பல நூறு பக்கங்கள் சேர்ந்த ஒரு தொகுதியைத்தான் மொத்தமாக அழிக்க முடியும். எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதவும் முடியாது. கடையில் ஒரு நீள மேசை. ஆளுக்கொரு இலை போடலாம், ஆனால் மேசையைத் துடைப்பதென்றால் முழுவதுமாகத்தான் துடைக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பேரில் எட்டுப் பேர் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். மீதி இரண்டு பேரை இலையோடு வேறு மேசைக்கு மாற்றினால்தான் இந்த மேசையைத் துடைக்க முடியும். எஸ்.எஸ்.டி. ஓய்வாக இருக்கும்போது இந்த வேலையைத்தான் பின்னால் செய்துகொண்டிருக்கிறது.

சிக்கல் எங்கே? எட்டுப் பேர் எழுந்து போனது பரிமாறுகிறவருக்குத் தெரிய வேண்டும். விண்டோஸில் ஒரு கோப்பை நீக்கும்போது பட்டியலில் அதன் பெயர் அடிக்கப்படுகிறதே தவிர, தரவு அங்கேயே கிடக்கிறது. தகவல் வராவிட்டால், யாருக்கும் வேண்டாத அந்தத் தரவையும் எஸ்.எஸ்.டி. மேசை மேசையாகச் சுமந்து திரியும். சாப்பிட்டு முடித்தவர் இலையை மடிப்பது அந்தத் தகவல். கணினியில் அதன் பெயர் டிரிம். ‘இந்த டோக்கன்கள் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் சொல்கிறது; எஸ்.எஸ்.டி. அந்த இடங்களை நிம்மதியாகத் துடைத்து வைக்கிறது.

கடையில் காலி மேசைகள் இருந்தால்தான் ஆட்களை மாற்றி உட்கார வைக்க முடியும். முழுக்க நிரம்பிய எஸ்.எஸ்.டி. எழுதும்போது மந்தமாவது இதனால்தான். 10 முதல் 20 விழுக்காடு இடத்தைக் காலியாக விட்டு வைப்பது எந்த டிஃப்ராக் மென்பொருளையும்விட அதிக நன்மை தரும்.

பிறகு ஏன் ‘ஆப்டிமைஸ்’ என்கிறது விண்டோஸ்?

2009இல் வந்த விண்டோஸ் 7 டிரிம்மை அனுப்பக் கற்றுக்கொண்டது, எஸ்.எஸ்.டி. என்று கண்டுகொண்டால் டிஃப்ராக் அட்டவணையிலிருந்து அதை விலக்கியது. 2012இல் விண்டோஸ் 8 அந்தக் கருவியின் பெயரையே ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்று மாற்றியது. வன்தட்டு என்றால் அது டிஃப்ராக் செய்யும். எஸ்.எஸ்.டி. என்றால், விடுபட்ட இலைகளையெல்லாம் ஒருமுறை சுற்றிவந்து மடிக்கச் சொல்லும். இதற்கு ‘ரீட்ரிம்’ என்று பெயர். வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை, பயனர் கவனிக்காமலே நடக்கும்.

ஒரே பொத்தான், இரண்டு வேலை. குழப்பம் பிறந்தது இங்கேதான்.

இதில் ஒரு சின்ன முடிச்சும் உண்டு. மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய ஸ்காட் ஹான்செல்மன், அந்நிறுவனத்தின் சேமிப்பகக் குழுவிடமே கேட்டு 2014 டிசம்பரில் விளக்கினார்: சிஸ்டம் ரீஸ்டோர் வசதி இயங்கும் கணினியில், விண்டோஸ் மாதத்துக்கு ஒருமுறை எஸ்.எஸ்.டி.யையும் உண்மையாகவே டிஃப்ராக் செய்கிறது. காரணம் கோப்புமுறையின் கணக்கு வழக்கு. மிகவும் சிதறிய கோப்புகள் இருந்தால் மீட்புப் புள்ளிகளை உருவாக்கும் வேலை மந்தமாகிறது. ஒரு கோப்பின் துண்டுகளைக் குறித்து வைக்கும் பட்டியலுக்கும் எல்லை உண்டு. அதைத் தொட்டுவிட்டால் அந்தக் கோப்பை மேலும் வளர்க்க முடியாது. ஆகவே ‘எஸ்.எஸ்.டி.யில் டிஃப்ராக் ஓடினால் பாழ்’ என்பதும் சரியில்லை. தேவையான அளவை விண்டோஸே பார்த்துக்கொள்கிறது என்பதுதான் சரி.

எப்போதுமே அது தவறாமல் பார்த்துக்கொண்டதா என்றால், இல்லை. 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, கடைசியாக எப்போது ஆப்டிமைஸ் செய்தோம் என்பதை மறந்துவிடும் ஒரு பிழையோடு வந்தது. கணினியை அணைத்துப் போடும் போதெல்லாம் ‘இன்னும் செய்யவில்லையே’ என்று அது மறுபடி தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் இற்றைப்படுத்தலில் அந்தப் பிழை சரிசெய்யப்பட்டது.

தேய்மானம்: பயம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு

‘ஒருமுறை டிஃப்ராக் ஓட்டிவிட்டேன், எஸ்.எஸ்.டி. போச்சா?’ என்ற பயத்துக்குக் கணக்கே மருந்து. ஃபிளாஷ் அறைகளை இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்ற வரம்பு உண்மை. அதனால் தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தில் எழுத்து அளவையும் குறிக்கிறார்கள். 500 ஜிகாபைட் சாம்சங் 870 ஈவோவுக்கு ஐந்து ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுத்து, இரண்டில் எது முந்துகிறதோ அது. ஐந்து ஆண்டுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 160 ஜிகாபைட்டுக்கு மேல் எழுதலாம். வீட்டுக் கணினியில் அதில் ஒரு பகுதியைத் தொடுவதே அபூர்வம்.

ஒருவர் வாரந்தோறும் டிஃப்ராக் ஓட்டி, ஒவ்வொரு முறையும் 100 ஜிகாபைட் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5.2 டெராபைட் வருகிறது. மேலே சொன்ன வரம்பில் 2 விழுக்காடுகூட இல்லை. எஸ்.எஸ்.டி. செத்துவிடாது. பலனில்லாத வேலைக்குச் சின்னதொரு விலை, அவ்வளவுதான். எழுத்து வரம்பு குறைந்த கியூ.எல்.சி. வகையில் அந்த விலை கொஞ்சம் கூடும்.

உண்மையாகவே மந்தமான எஸ்.எஸ்.டி.க்கள்

எஸ்.எஸ்.டி. காலப்போக்கில் மந்தமாவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2014இல் சாம்சங்கின் 840 ஈவோ அப்படி மாட்டிக்கொண்டது. அன்றாடம் எழுதிய தரவு வேகமாக வந்தது. பல வாரங்களுக்கு முன் எழுதிவிட்டுத் தொடாமல் கிடந்த கோப்புகளைப் படிக்கும்போது மட்டும் வேகம் படுத்தது. அறைகளில் தேங்கிய மின்னூட்டம் மெல்ல நகர்ந்துவிட்டதால் வந்த வினை அது. அந்த ஆண்டு அக்டோபரில் சாம்சங் வெளியிட்ட திருத்தக் கருவி, பழைய தரவை மறுபடி எழுதிப் புதுப்பித்தது. அப்போது கோப்புகளை இடம் மாற்றிப் பார்த்தவர்களுக்கும் வேகம் கூடியது. ஆனால் அதற்குக் காரணம் வரிசை அல்ல, மறுபடி எழுதியதுதான்.

ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை மூடிவிடவில்லை. சேமிப்பகத் தொழில்நுட்பத்துக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் 2024 பிப்ரவரியில் தென்கொரிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை முன்வைத்தார்கள். சிதறிய கோப்பு சில சமயம் எஸ்.எஸ்.டி.யிலும் மெதுவாகப் படிக்கப்படுகிறது. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை அதற்கு முக்கியக் காரணமல்ல. பல சில்லுப் பகுதிகளுக்குப் பரவ வேண்டிய துண்டுகள் ஒரே பகுதியில் மோதிக்கொள்வதே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். மருந்தாக அவர்கள் சொன்னதும் டிஃப்ராக் அல்ல. எழுதும்போதே துண்டுகளைச் சரியாகப் பங்கிட எஸ்.எஸ்.டி.க்குக் குறிப்பு கொடுக்கலாம் என்பதே அவர்கள் யோசனை.

செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘டிஃப்ராக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ வரும். ‘மீடியா டைப்’ பத்தியில் ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யை விண்டோஸ் வன்தட்டு என்று தவறாக எடுத்துக்கொண்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

2. அதே சாளரத்தில் வாராந்தர அட்டவணை இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ‘எஸ்.எஸ்.டி. போட்டாச்சே’ என்று அதை அணைப்பவர்கள் டிஃப்ராக்கோடு சேர்த்து வாராந்தர ரீட்ரிம்மையும் அணைக்கிறார்கள்.

3. மேக் கணினியில் ஆப்பிள் பொருத்திய எஸ்.எஸ்.டி.க்கு எதுவும் செய்ய வேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் வாரம் ஒருமுறை டிரிம் தானாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு 2013இல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. கைப்பேசிக்குள்ளும் ஃபிளாஷ்தான், அதற்கு யாரும் டிஃப்ராக் ஓட்டுவதில்லை.

4. எஸ்.எஸ்.டி. போட்ட பிறகும் கணினி மந்தமாக இருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். இடம் நிரம்பிவிட்டதா, நினைவகம் 4 ஜிகாபைட்தானா, கணினி தொடங்கும்போதே பத்து மென்பொருள்கள் சேர்ந்து எழுகின்றனவா என்று வரிசையாகப் பார்க்கலாம். குளிரூட்டி இல்லாத அறையில் மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்தும் மடிக்கணினியில், அதிகம் சூடான என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

5. டிரிம்முக்கு ஒரு மறுபக்கம் உண்டு. வன்தட்டில் தவறி நீக்கிய கோப்பை மீட்பு மென்பொருளால் பல சமயம் எடுத்துவிடலாம். டிரிம் ஓடிய எஸ்.எஸ்.டி.யில் இலை எடுத்து மேசையும் துடைத்தாகிவிட்டது. பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் ஒளிப்படங்கள் போன்றவற்றுக்கு இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும்.

6. அந்தப் பிரதியை எஸ்.எஸ்.டி.யில் எழுதி அலமாரிக்குள் ஆண்டுக்கணக்கில் போட்டு வைப்பது நல்லதல்ல. வீட்டு எஸ்.எஸ்.டி.க்கான ஜெடெக் தரநிலை கேட்பது இவ்வளவுதான்: எழுத்து வரம்பு முழுவதும் தீர்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக் கூட அந்தக் காலம் சுருங்கும். சிங்கப்பூரில் பகல் வெப்பம் பெரும்பாலான நாள்களில் 30 பாகையைத் தாண்டுகிறது.

கழற்றிய வன்தட்டு

எஸ்.எஸ்.டி. மாற்றும்போது கடைக்காரர் கழற்றிக் கொடுக்கும் பழைய வன்தட்டை அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. அதில் குடும்பத்தின் தரவு முழுவதும் இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் யூ.எஸ்.பி. உறை ஒன்று வாங்கி அதில் போட்டு, மேலே சொன்ன பிரதி எடுக்க வைத்துக்கொள்ளலாம். ‘கடகட’ சத்தம் போட்டால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். தரவை அழித்த பிறகு குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். 2021 ஜூலையிலிருந்து தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மேற்பார்வையில் மின்கழிவைத் திரட்ட முறையான ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது.

உறைக்குள் போவதற்கு முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். மிகப் பழையதாக இருந்தால் ‘சிங்கப்பூர்’ என்ற பெயர் கண்ணில் படவும் கூடும். கணினியில் செருகி ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ சாளரத்தைத் திறந்தால், அதன் பெயருக்கு எதிரே ‘ஹார்ட் டிஸ்க் டிரைவ்’ என்று வரும். வீட்டில் டிஃப்ராக் ஓட்டியே ஆக வேண்டும் என்று கை பரபரக்கிறவர்கள் இதற்குத் தாராளமாக ஓட்டலாம்.